தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றப்பட்டது

ஓய்வுபெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஒரு மாதமாக நச்சரிக்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையின் வண்டிப் பிரிவில் கடைசி டீசல் வேனையும் ஏலத்தில் விட்டுவிட்டு மின்சார வண்டிகளை இறக்கிவிட்டார்களாம். அதனால் டீசல் காலத்து மெக்கானிக் ஒருவனின் அனுபவம் வேண்டுமாம். "படிக்கிறவங்களுக்கு ஒரு ஊக்கமா இருக்கணும் சார்" என்று மலர்க் குழுக்காரர் போனில் சொன்னார்.

போன வருட மலரை எடுத்துப் பார்த்தேன். ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். ஐந்து பேரும் ஒரு நாள்கூட தாமதமாக வந்ததில்லை, ஒரு தவறும் செய்ததில்லை, ஐந்து பேரின் தோளிலும் மேலதிகாரி தட்டிக்கொடுத்திருக்கிறார். அதில் மூன்று பேரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு ஊக்கம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

நான் எழுதப்போவது, ஒரு வேன் இஞ்சினை நானே கெடுத்து, அதை இரண்டு முறை தேவையில்லாமல் பிரித்து, பழியை ஒரு நல்ல டிரைவர் தலையில் போட்ட கதை. சங்கத்தார் அச்சிடுவார்களா தெரியாது. வீட்டில் படிக்க ஆளில்லை. மகள் ஊரின் மறுகோடியில் கொண்டாப்பூரில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், பேரனிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வருகிறது. எனவே தைரியமாக எழுதலாம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செகந்திராபாத்தில் ஐ.டி.ஐ. முடித்தேன். முதல் மூன்று வருடம் கழுவினேன், துடைத்தேன், பெரியவர்களுக்கு டீ வாங்கி வந்தேன். நான்காம் வருடம் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் வந்தது. எண்ணம் வந்ததும் பயிற்சி முடிந்துவிட்டது.

எங்கள் ஃபோர்மேன் ஆல்பர்ட் சார். அவரும் செகந்திராபாத் தமிழர்தான், மூன்று தலைமுறையாக அங்கேயே இருந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் அவர் அடித்தொண்டையில் பாடினால் பெஞ்சு அதிரும். திங்கட்கிழமை வொர்க்‌ஷாப்பில் அதே மனிதர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. முப்பது வருடம் டீசல் இஞ்சினோடு குடும்பம் நடத்தியவரின் சட்டையில் ஒரு சொட்டு ஆயில் கறையை நான் பார்த்ததில்லை. எங்களுக்கெல்லாம் அது பெரிய எரிச்சல்.

ஸ்பானர் அலமாரியின் தகரக் கதவில் சாக்பீஸால் நடுவே ஒரு கோடு போட்டு வைத்திருப்பார். இடது பக்கம் 'கண்டது', வலது பக்கம் 'நினைத்தது'. வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறவன் அதில் எழுத வேண்டும். வலது பக்கம் எதை எழுதினாலும் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். "நெனச்சத வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. சாயங்காலம் சம்சாரத்துகிட்ட சொல்லு. இங்க கண்டத மட்டும் வை" என்பார்.

இஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் குறைகிறது என்று ஒரு வண்டி வந்தால் அவர் சடங்கு இதுதான். வண்டி முந்தின நாள் மாலையே வந்து நின்றுவிட வேண்டும். காலையில் இஞ்சின் சில்லென்று இருக்கும்போதுதான் ரேடியேட்டர் மூடியைத் தொடலாம். கூலன்டைக் குறி வரைக்கும் நிரப்பி, இஞ்சினுக்குக் கீழே பிரித்த அட்டைப்பெட்டியை விரிக்க வேண்டும். பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்துக்குக் காற்றடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். முள் இறங்குகிறதா? எவ்வளவு நேரத்தில்? அட்டையில் ஈரம் எங்கே? அப்புறம் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் கொடுப்பார். ஒவ்வொரு ரப்பர் ஹோஸ், ஒவ்வொரு கிளிப், வாட்டர் பம்ப், ஹீட்டர் குழாய் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். இதெல்லாம் முடியும்வரை ஸ்பானரைத் தொடக் கூடாது.

யாராவது தொட்டால், "நக்கோ. கைக்கு என்ன அவசரம்? இஞ்சின் எங்கயாவது ஓடிப்போகுதா?" என்பார். 'நக்கோ' என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் 'வேண்டாம்'. அவ்வளவுதான் திட்டு.

எனக்கு இதெல்லாம் கிழவர் வேலையாகத் தெரிந்தது. ஒரு வண்டிக்கு ஒரு காலைப்பொழுதே போய்விடும். நானோ ஓடும் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடும் சாமுவேல் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயரை நானேதான் பரப்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த வேன். எங்கள் தொழிற்சாலை டிஸ்பென்சரிக்குச் சொந்தமான பழைய டீசல் வேன் அது. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸிலிருந்து நோயாளிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அதன் வேலை. டிரைவர் தனபால் அண்ணன், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இருபது வருடத்துக்கு மேல் ஸ்டீயரிங் பிடித்தும் வண்டியில் ஒரு கீறல் விழாதவர். அந்தப் பெருமை அவருக்கு உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு. சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரன் உரசுகிற மாதிரி வந்தால் கண்ணாடியை இறக்கி, வண்டியின் வரலாற்றையே சொல்லிவிட்டுத்தான் நகருவார்.

தசரா முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு காலை வந்து நின்றார்.

"சாமு, தண்ணி இறங்குதுப்பா. தினம் ஒரு லிட்டர் கேக்குது. கீழ பாத்தா ஒரு சொட்டு இல்ல."

நான் இஞ்சினை ஓடவிட்டுக் கேட்டேன். கீழே குனிந்து பார்த்தேன். காய்ந்து கிடந்தது. "ஒண்ணுமில்ல அண்ணே. மூடிய சரியா திருக மாட்டீங்க, ஆவியாப் போகுது" என்றேன். அடுத்த வாரம் மறுபடி வந்தார். மூடியை மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன், எழுந்திருக்கவில்லை. ஆல்பர்ட் சார் அப்போது கண் ஆபரேஷனுக்காக நீண்ட லீவில் இருந்தார். வொர்க்‌ஷாப் என் பொறுப்பில் இருந்தது. என் பொறுப்பில் இருந்ததால்தான் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு தனபால் அண்ணன் என்னிடம் வாயால் சொல்லவில்லை. டிரிப் ஷீட்டில் எழுத ஆரம்பித்தார். டிரிப் ஷீட் என்பது ஒவ்வொரு டிரைவரும் காலையில் வண்டி எடுக்கும் முன் நிரப்பும் தாள். கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். காலையில் இருபது தாள் என் மேஜைக்கு வரும். நான் கையெழுத்துப் போட்டு இழுப்பறையில் தள்ளுவேன்.

ஜனவரியில் ஒரு நாள், சந்தோஷ் நகர் தாண்டி, உள்ளே நான்கு நோயாளிகள் இருக்கும்போது வேன் கொதித்து நின்றுவிட்டது. அதில் ஒரு பெரியவர் டயாலிசிஸுக்குப் போகிறவர். தனபால் அண்ணன் நடுரோட்டில் ஆட்டோவை மறித்து அவரை முதலில் ஏற்றிவிட்டு, மற்றவர்களையும் ஏற்றிவிட்டு, வெயிலில் வண்டியோடு நின்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் மகன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதினதில் தப்பில்லை.

வேனை இழுத்து வந்தோம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தது. எனக்குள் இருந்த மேதை எழுந்துவிட்டான். ஆயிலில் தண்ணீர் கலந்தால், இஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போச்சு, இதற்கு எதற்குக் கைப்பம்பும் கண்ணாடியும்? போக்குவரத்து அதிகாரி காரணம் கேட்டார். பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'வெளியே கசிவு எதுவும் இல்லை. ஓட்டுநர் தண்ணீர் அளவைக் கவனிக்காமல் ஓட்டியதால் இஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் பழுதாகியுள்ளது.'

இந்த இரண்டு வரியில் தனபால் அண்ணனுக்குச் சார்ஜ் ஷீட் வந்தது. விசாரணையில் நிரூபணமானால் ஸ்டீயரிங்கைப் பிடுங்கிவிட்டு ஸ்டோரில் சாமான் தூக்கும் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். விசாரணை முடியும்வரை கேட்டில் உட்கார்ந்து வருகிற வண்டி எண்களைக் குறிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் வண்டி ஓட்டிப்போக, அவர் எண் எழுதினார்.

நான் ஹெட்டைக் கழற்றி, புது கேஸ்கெட் போட்டு, புது ஆயில் ஊற்றி, கையைத் துடைத்துக்கொண்டேன். பத்து நாளில் மறுபடி மோர். சரி, ஹெட்டிலேயே விரிசல் என்று முடிவு கட்டி, மறுபடி கழற்றி வெளியே சோதனைக்கு அனுப்பினேன். விரிசலும் இல்லை, கோணலும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சோதித்தவனுக்குத்தான் தொழில் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு புது கேஸ்கெட் போட்டேன். ஒரு வாரத்தில் மூன்றாவது மோர்.

அந்த நேரத்தில் ஆல்பர்ட் சார் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஹவ்" என்றார், 'சரி', 'ஆமாம்' எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் அது ஒரே சொல். "கதவுல எழுது."

எழுதினேன். எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், இடது பக்கம் ஒரே ஒரு வரி: ஆயிலில் தண்ணீர். மற்றதெல்லாம் வலது பக்கம் இருந்தது. கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்து துடைத்தார். நாளைக் காலை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அட்டைப்பெட்டி, கைப்பம்பு, ஸ்டூல். நான் உட்கார்ந்தேன், அவர் நின்றார். முள் மெதுவாக இறங்கியது. அட்டை காய்ந்தே இருந்தது. இஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் திருகை அரைச் சுற்று மட்டும் தளர்த்தச் சொன்னார். ராத்திரி முழுதும் அசையாமல் நின்றதால் அடியில் தங்கியிருந்த தண்ணீர் முதலில் வந்தது, அப்புறம்தான் ஆயில். அடுத்து, காற்றழுத்தம் அப்படியே இருக்க, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு இஞ்சினைச் சுற்றச் சொன்னார். நான்கு துளையிலும் வெறும் காற்று. கேஸ்கெட் போயிருந்தால் தெறிக்க வேண்டிய தண்ணீர் ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை.

"அப்போ மேல நல்லா இருக்கு. நீ ரெண்டு தடவ அவுத்தது நல்லா இருந்த எடத்த" என்றார். "வேற எங்க தண்ணியும் ஆயிலும் பக்கத்துப் பக்கத்து வீட்ல இருக்கு?"

அப்போதுதான் எனக்கு வாட்டர் பம்ப் ஞாபகம் வந்தது. இந்த இஞ்சினில் பம்ப், இஞ்சின் ஆயில் ஓடும் முன்பக்க கியர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கம் தண்ணீரைத் தடுக்க ஒரு சீல், அந்தப் பக்கம் ஆயிலைத் தடுக்க ஒரு சீல். இரண்டுக்கும் நடுவில் அடிப்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை. தண்ணீர் சீல் தேய்ந்தால் அந்த ஓட்டை வழியாக வெளியே சொட்டும். பம்ப் போய்விட்டது என்று சொல்வதற்காகவே வைத்த ஓட்டை அது.

"ஓட்டையப் பாரு" என்று கண்ணாடியைக் கொடுத்தார்.

பார்த்தேன். ஓட்டை இல்லை. இருக்க வேண்டிய இடம் வழவழவென்று வெள்ளியாக மின்னியது. அவர் தன் சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து நீட்டினார். சுரண்டினேன். தோலாக உரிந்து வந்தது. ஊக்கு உள்ளே போனதும் ஈரம் வந்தது, பிறகு சொட்டுச் சொட்டாக அட்டையில் விழ ஆரம்பித்தது. தினமும் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊற்றி, கூலன்டின் பச்சை நிறமே வெளுத்துப் போயிருந்தது.

இங்கே வண்டிப் பிரிவின் ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் இடத்தில் அதை வெறும் மாலையும் எலுமிச்சையுமாக முடிக்க மாட்டோம். ஒவ்வொரு பிரிவுக்கும் போட்டி உண்டு. வண்டியைக் கழுவி, இஞ்சினுக்கு வெள்ளி பெயின்ட் அடித்து, பானட்டைத் திறந்து வைத்து அதிகாரிகளுக்குக் காட்டுவோம். நான் புராட்டஸ்டன்ட். ஆனால் தூரிகை பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அந்த நான்கு நாளும் என்னைவிடப் பக்திமான் கிடையாது. அந்த வருடம் டிஸ்பென்சரி வேன் இஞ்சினுக்கு மூன்று கோட் அடித்தேன். முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கிடைத்தது. கொடுத்தவர் போக்குவரத்து அதிகாரி.

ஊக்கைப் பிடித்தபடி இருக்கும்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பெயின்ட் அடிக்கும் முன்னே அந்த ஓட்டைக்குக் கீழே பச்சையாக ஒரு கறை வழிந்திருந்தது. பம்ப் அப்போதே சொல்லிவிட்டது. நான் அதை அழுக்கு என்று தேய்த்துத் துடைத்து, அதன் மேலேயே அடித்தேன். வெளியே போக வழியில்லாத தண்ணீர் அடுத்த சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலுக்குள் போய்விட்டது.  சாருக்கு நான் அடித்த பெயின்ட் என்று தெரியும். பரிசு வாங்கியபோது கைதட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அவர் ஊக்கைத் திரும்ப வாங்கிக் காலரில் குத்திக்கொண்டார். "ரிப்போர்ட்ட நீயே எழுது" என்று மட்டும் சொன்னார்.

எழுதினேன். 'வாட்டர் பம்ப் தேய்மானத்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துள்ளது. பம்ப் மாற்றப்பட்டது.' ஒரு பொய்யும் இல்லை. பெயின்ட் இல்லை, பழைய இரண்டு வரியைத் திரும்பப் பெறுகிற பேச்சும் இல்லை. பம்ப் தேய்ந்தாலும் டிரைவர் தண்ணீர் பார்க்கவில்லை என்பது அப்படியே நின்றது. பதினொரு நாள் அந்த ரிப்போர்ட்டோடு நன்றாகத் தூங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் இழுப்பறையைத் திறக்கவே பயந்தேன். பன்னிரண்டாம் நாள் காலை திறந்து டிரிப் ஷீட்டுகளை எடுத்தேன். தனபால் அண்ணன் தாள்களை மட்டும் பிரித்தேன். நாற்பத்தோரு தாள். ஒவ்வொன்றிலும் குறிப்புக் கட்டத்தில் அதே உருண்டை எழுத்து: 'தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றப்பட்டது. கவனிக்கவும்.' ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து, பேனாவை எடுக்காமல் இழுத்த அழகான கையெழுத்து.

அன்றைக்குத்தான் விசாரணை. நான் சாட்சி. தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேனே தவிர, எடுப்பதாக முடிவு செய்யவில்லை. வராந்தாவில் தனபால் அண்ணன் இஸ்திரி போட்ட யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமு, பம்புதான்னு நீதான் கண்டுபிடிச்சியாமே. நல்லா இருப்பா. என் வண்டிய காப்பாத்திட்ட."

இதைவிட அவர் என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

உள்ளே போக்குவரத்து அதிகாரி என் பழைய இரண்டு வரியை உரக்கப் படித்து, "இது சரிதானே?" என்றார். நான் பையிலிருந்து தாள்களை எடுத்து மேஜையில் வைத்தேன். "சரியில்ல சார். அவர் தினமும் பாத்து எழுதியிருக்கார். கையெழுத்து என்னுது. நான் படிக்கல."

"படிக்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்றார். அவர் மேஜையில் கையெழுத்துக்காக ஒரு முழ உயரத்துக்குக் கோப்புகள் இருந்தன. என் பார்வை அங்கே போனது, அவர் பார்வையும் போனது. அந்தக் கேள்வியை அத்தோடு விட்டுவிட்டார்.

பெயின்டையும் சொன்னேன். "இஞ்சினுக்குப் பெயின்ட் அடிக்க யார் அனுமதி கொடுத்தது?" என்று சீறினார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கிளார்க் பலமாக இருமினார். டிபன் கேரியர் அதிகாரியின் நினைவுக்கும் வந்திருக்க வேண்டும்.

தனபால் அண்ணன் மேல் இருந்த குற்றச்சாட்டு ரத்தானது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஃபோர்மேன் பதவி இரண்டு வருடம் தள்ளிப்போனது. எனக்குக் கோபம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் உடனே யாராவது தோளில் தட்டிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன் போலும். ஆல்பர்ட் சார்கூடத் தட்டவில்லை. மதியம் டீ வாங்கிக் கொடுத்தார், சர்ச்சில் வெள்ளையடிக்கப் போவதாகவும் அதற்கு வேறு ஆள் பார்த்துவிட்டதாகவும் சொன்னார்.

தனபால் அண்ணன் நன்றி சொல்லவில்லை. அறையை விட்டு வெளியே வந்ததும் என்னைப் பார்த்தார். அந்தத் தாள்களில் ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை என்பது அவருக்கு உள்ளேதான் தெரிந்தது.

"நாப்பத்தோரு நாள் எழுதினேன் சாமு. என் சம்சாரம் கேட்டா, எழுதிக் குடுத்தியான்னு. ஹவ், சாமு படிச்சிட்டு தினம் கையெழுத்துப் போடுறான், பாத்துக்குவான்னு சொன்னேன்."

 

மறுநாள் காலை வேன் சாவியை வாங்க வந்தார். டிரிப் ஷீட்டை என் மேஜையில் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு, நின்றபடி, வொர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கும்படி படித்தார். "ஆயில் சரி. தண்ணி சரி. பிரேக் சரி. குறிப்பு ஒண்ணுமில்ல." படித்துவிட்டு என் முன் வைத்தார். கையெழுத்துப் போட்டேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அவருக்கே சலித்துவிடும் என்று நினைத்தேன். சலிக்கவில்லை. நான் ஃபோர்மேன் ஆன பிறகும், எதிரில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தாலும், மழையில் நனைந்து வந்தாலும் நின்று படித்தார். ஆறு வருடம். வேறு ஒரு பேச்சும் கிடையாது. பொங்கலுக்கு இனிப்புக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், படிப்பதை விட மாட்டார்.

அவர் ஓய்வு பெறும் நாளன்று கழுத்தில் மாலையோடு வந்தார். தாளை மேஜையில் வைத்தார். படிக்கவில்லை. சும்மா நின்றார்.  பிறகு தாளை எடுத்துக்கொண்டு நான் எழுந்து நின்றேன்.  "ஆயில் சரி. தண்ணீர் சரி. பிரேக் சரி" என்று படித்தேன். குறிப்புக் கட்டத்தில் அதே உருண்டை எழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'நாளையிலிருந்து வேறு டிரைவர். அவர் எழுதுவதையும் படிக்கவும்.'

அதையும் எல்லோருக்கும் கேட்கும்படி படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.